சங்கத்து நெருப்பு

பங்குனி முடிகிற தறுவாயில், ஊசிக்கரட்டு மாடுகள் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு சாயங்காலம், கடைசி மாட்டுக்குப் பின்னால் ஒரு நெருப்பும் நடந்து வந்தது.

கன்றுக்குட்டி உயரம்தான் இருக்கும். அவசரமில்லாமல், வழியில் கிடந்த சருகுகளை மோந்து மோந்து, ஒன்றைத் தின்று ஒன்றை விட்டு, மாடுகள் மிதித்துத் தேய்த்த தடத்தை விட்டு இம்மியும் விலகாமல், வயிறு நிறைந்த உயிர் எதுவும் வீடு திரும்புகிற நடையில் அது வந்தது. தொழுவத்தின் படலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற ஒச்சம்மாள், மாடுகளை உள்ளே விட்டதுபோலவே அதையும் உள்ளே விட்டுவிட்டாள். பகல் முழுக்க வெயிலில் உழைத்த கை. வருவதை உள்ளே விட்டுப் பழகிய கை. படலைச் சாத்திக் கயிற்றை மாட்டிய பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். நெருப்பு தொழுவத்தின் மூலைக்குப் போய், இடம் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றி, முதலில் முன்பக்கத்தையும் அப்புறம் பின்பக்கத்தையும் மடக்கிப் படுத்தது. பக்கத்தில் நின்ற மாடுகள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தன.

"கொழுந்தனாரே, பின்னாடி என்னத்தக் கூட்டியாந்திருக்கீக?" என்றாள்.

அவள் புருஷனின் தம்பி காமாட்சிதான் அன்று மாடு ஓட்டிப் போயிருந்தான். தோளிலிருந்த துண்டை உதறிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்து படல் வழியாக எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"முதுகு சுடுதேன்னு நெனச்சேன் மதினி. வெயில்னுல்ல இருந்தேன்" என்றான்.

யார் வைத்த நெருப்பு என்று யாரும் கேட்கவில்லை. முற்றிய புல்லைக் கொளுத்திவிட்டால் மழைக்குப் பிறகு இளம்புல் துளிர்க்கும் என்பது ஊசிக்கரட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். மலைக்குப் போகிற எல்லோர் மடியிலும் ஒரு தீப்பெட்டி இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால் கேட்காமல் விட்டார்கள்.

முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். பெண்கள் குடங்குடமாகச் சுமந்துவந்து ஊற்ற ஊற்ற, அது எழுந்து நின்று, நனைந்த மாடு உடம்பைச் சிலிர்ப்பதுபோலச் சிலிர்த்து, ஆவியைக் கிளப்பிவிட்டு மறுபடி படுத்தது. மண்ணை அள்ளிப் போட்டார்கள். மண்ணுக்குள்ளிருந்து முகத்தை நீட்டி மூச்சு விட்டது. பூசாரியைக் கூட்டிவந்து திருநீறு போடச் சொன்னார்கள். நெருப்புக்கு எப்படித் திருநீறு போடுவது, அது போட்டதுதானே திருநீறு என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் பொழுதாகிவிட்டது, எல்லோருக்கும் பசி. படலை இன்னொரு கயிறு போட்டுக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

ஊசிக்கரட்டுக்கு மேலே இருந்த புல்மேடு யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லோருக்கும் சொந்தம். அதில் மாடு மேய்க்க அனுமதி வேண்டுமென்றால் ஊர் ஒரு சங்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எப்போதோ ஏற்பாடானது. சங்கத்துக்குத் தலைவர் வேண்டும் என்றபோது ஆண்கள் எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். கூட்டம் முடிந்தால்தானே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகலாம் என்று ஒச்சம்மாள், "சரி, எம்பேரப் போடுங்க" என்றாள். அன்றிலிருந்து அவள்தான் தலைவி. சங்கத்துக்கு இருந்த கடமைகள் பேச்சுக்குச் சின்னவை. புல் காய்வதற்கு முன்னால் மேட்டைச் சுற்றி ஒரு வண்டித்தட அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, வெறும் மண் தெரிகிற தீக்கோடு போட வேண்டும். நெருப்பு வந்தால் அந்த மண்ணைத் தாண்ட முடியாமல் நின்றுபோகும். வெயில் காலம் முழுக்க ஆள்மாற்றி ஆள் காவல் இருக்க வேண்டும். எங்கே புகை தெரிந்தாலும் வீட்டுக்கு ஒருவர் பச்சைக்கொப்பு ஒடித்துக்கொண்டு ஏற வேண்டும். ஒவ்வொரு தை மாதமும் ஒச்சம்மாள் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவாள். ஒரு வீட்டில் முழங்கால் வலி, ஒரு வீட்டில் விருந்து, ஒரு வீட்டில் மண்வெட்டிக்குக் காம்பு இல்லை. அந்த வருஷம் தீக்கோடு பாதி மேட்டைச் சுற்றி வந்து, கோயில் கொடைத் திருவிழா வந்ததால் அங்கேயே நின்றுபோயிருந்தது.

மறுநாள் வனவர் ஜெபமணி வந்தார். அக்கம்பக்கத்து மலைகளுக்கெல்லாம் அவர் ஒருத்தர்தான். வண்டியை மிதித்து மிதித்து வலது செருப்பு தேய்ந்துபோன மனிதர். தொழுவத்தின் படலில் கைகளை ஊன்றிக்கொண்டு நெருப்பைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்ததுபோல் ஒருமுறை உயர்ந்து தணிந்தது.

"உங்க பொறுப்புல இருக்கிற காட்டுல பொறந்தது. அப்ப இது உங்க சங்கத்தோடதும்மா" என்றார்.

"நீங்க கொண்டு போயிருங்களேன் சார்."

"எங்கம்மா கொண்டு போறது? எனக்கு இருக்கிறது ஒரு ரூம். அதுக்கும் ஓலைக் கூரை." அவர் குரலில் அதிகாரம் ஏதுமில்லை, அசதிதான் இருந்தது. "இது பாட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்குப் போயிடாம பாத்துக்கங்க. போச்சுன்னா உங்க மேய்ச்சல் அனுமதி போயிரும். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

மேய்ச்சல் போனால் மாடு போகும், மாடு போனால் ஊசிக்கரட்டில் கல்லும் கள்ளியும் தவிர ஒன்றுமில்லை. ஆகவே ஊர் கூடி, அதை வளர்ப்பது என்று முடிவாயிற்று. முறை வைத்துக்கொண்டார்கள், வீட்டுக்கு ஒரு நாள். பேர் வைக்கலாம் என்று சிலர் சொன்னபோது பெருமாக்கா மறுத்துவிட்டாள். ஊரில் வாய்க்குப் பயப்படுகிறவர்கள் எல்லோரும் பயப்படுகிற வாய் அவளுடையது.

"பேரு வச்சா அப்புறம் அது போகவே போகாது. சீக்குக் கோழிக்கு யாராச்சும் பேரு வைப்பாகளா?"

அதனால் அதை எல்லோரும் 'அது' என்றே சொன்னார்கள். அது சாப்பிட்டதா, அது தூங்குதா, அதைப் பிடித்துக் கட்டு.

வளர்ப்பதற்குப் பழகிக்கொண்டார்கள், எதற்கும் பழகுவதுபோல. அதற்குச் சுக்குநாறிப்புல் பிடிக்கும், தின்றால் மணக்கும். உண்ணிச்செடி என்றால் வெறி வந்து தலைக்குமேல் எழும்பும், ஆகவே அந்தப் பக்கம் விடக்கூடாது. மேட்டிலிருந்து கீழ்நோக்கித்தான் மேய்க்க வேண்டும், ஏற்றத்தில் விட்டால் ஆளுக்கு முந்திக்கொண்டு ஓடும். காற்றுக்கு எதிர்முகமாக நடத்தினால் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரு புங்கங்கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அது தடம் மாறும்போது மண்ணில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், காதைப் பின்னால் மடக்கியதுபோல் தணிந்துவிடும். இரவில் படுக்கையில் இரண்டு எருவும் ஒரு கட்டையும் போட்டுவிட்டால் விடியும்வரை முனகாமல் கிடக்கும்.

ஊரும் மெல்ல அதைத் தன் காரியங்களுக்குள் இழுத்துக்கொண்டது. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வேண்டுமென்றால் தொழுவத்தில் அண்டாவை வைத்தார்கள். மழைக்கால விறகுபோல அழுத வீட்டு அடுப்புகளை விட்டுவிட்டு, பெண்கள் சோளக்கதிரை அங்கேயே கொண்டுவந்து வாட்டினார்கள். கோயில் விளக்கை அதிலிருந்து ஏற்றலாமா கூடாதா என்று ஒரு சண்டை வந்து, ஏற்றலாம், ஆனால் யாரும் பார்க்காதபோது ஏற்றவேண்டும் என்று தீர்ந்தது. கீழ்நாட்டுக் கரும்புக்காரர் ஒருவர், வெட்டிய வயலில் காய்ந்து கிடந்த சோகையைக் கொளுத்த ஒரு நாள் இரவல் கேட்டார். தயங்கித்தான் அனுப்பினார்கள். பயந்தது சரியாகத்தான் போயிற்று; திரும்பி வந்தபோது தொந்தி சரிய, கண்மண் தெரியாமல், படலை எரித்துவிட்டு, பெருமாக்கா வீட்டு வைக்கோல்போரையும் முகர்ந்து பார்த்தது. பெருமாக்கா தெருவில் நின்று அந்தக் கரும்புக்காரரின் ஏழு தலைமுறையையும் பேரோடு கூப்பிட்டாள். பிறகு யாருக்கும் இரவல் இல்லை என்றாயிற்று.

இதிலெல்லாம் பெரிய வசதி தீக்கோடுதான். புல்மேட்டைச் சுற்றி அதை மேய்த்துக்கொண்டு போனால், மண்வெட்டி பிடிக்க வேண்டியதில்லை, முதுகு ஒடியவேண்டியதில்லை, அது போன வழியெல்லாம் கோடு தானே விழுந்தது. முதல் தடவை மேட்டைச் சுற்றிக் கறுப்பாக, அகலமாக, முழுசாகத் தீக்கோடு நிறைந்த அன்று ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது. அன்றோடு மண்வெட்டிகள் பரண் ஏறின.

அன்றோடு முறையும் தேய ஆரம்பித்தது. இன்றைக்கு முடியவில்லை, நாளைக்கு இரண்டு முறையாகப் பார்த்துவிடுகிறேன் என்று முதலில் ஒருவர் சொன்னார். நாளைக்கு அவருக்குக் காய்ச்சல். பிறகு ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் கண் ஆபரேஷன். பெருமாக்கா ஒரேயடியாக, "எனக்குப் புகை ஆகாது" என்று சொல்லிவிட்டாள். யார் முறை தவறினாலும் அந்த இடத்தில் காமாட்சி நின்றான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனும் யாரிடமும் கேட்கவில்லை. படலருகில் ஆள் இல்லை என்று கண்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு எழுந்து வருவான். வருஷம் திரும்புவதற்குள் அவன் புருவங்கள் கருகி உதிர்ந்துபோயின. கண் எப்போதும் சிவந்து, மார்பில் ஒரு இருமல் குடிவந்தது. அவன் பெண்டாட்டி செல்லக்கிளி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து தொழுவத்து வாசலில் வைத்துவிட்டு, ஒச்சம்மாளைப் பார்த்து, "எங்க வீட்டுக்குப் புருஷன் வேணும்க்கா. உங்க சங்கத்துக்கு வேற ஆளப் பாருங்க" என்றாள்.

ஒச்சம்மாள் வீடு வீடாகப் போனாள். போன வீட்டிலெல்லாம் மோர் கொடுத்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மலை தெரியாத மழை. தொழுவத்துக் கூரை ஒழுகி, எரு நனைந்து, கட்டை ஊறி, அதற்குத் தின்ன எதுவும் இல்லாமல் போயிற்று. கன்றுக்குட்டி உயரம் இருந்தது ஆட்டுக்குட்டியாகி, ஆட்டுக்குட்டி கோழியாகி, ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூட்டம் போட்டார்கள்.

"விட்ருங்க. நாமளா கொல்றோம்? மழை கொல்லுது. மழையப் போயி யாரு கேக்க முடியும்?" என்றாள் பெருமாக்கா.

சரி, விடலாம் என்று வேறு யாரும் சொல்லவில்லை. காப்பாற்றலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊசிக்கரட்டில் முடிவுகள் அப்படித்தான் எடுக்கப்படும்.

ஒச்சம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு சுமை இறங்கியதுபோல் இருந்தது. இனிமேல் முறை கூப்பிடப் போகவேண்டாம், மோர் குடிக்க வேண்டாம், செல்லக்கிளி முகத்தைப் பார்க்க வேண்டாம். முடிந்ததா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று மழையோடு தொழுவத்துக்கு வந்தாள். அங்கே காமாட்சி, பிய்ந்துபோன ஒரு தகரத்தைத் தலைக்குமேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். தகரத்துக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு அது இருந்தது. தன் வேட்டியின் காய்ந்த ஓரத்தைக் கிழித்து அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க கொழுந்தனாரே. போதும். செத்துப்போகட்டும்" என்றாள்.

அவன் இருமி முடித்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு மட்டும் ஆசையா மதினி? கையி விட்டுப்போச்சு. ஆனா இது செத்துச்சுன்னா நாளையிலருந்து நம்மள்ல ஒருத்தரும் மேட்டுப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டோம். புல்லு வளந்து நிக்கும். அடுத்து ஒண்ணு வரும். அது நம்ம பின்னாடி வராது மதினி. முன்னாடி வரும்."

ஒச்சம்மாள் அங்கேயே நின்றாள். மழை அவள் கழுத்து வழியாக முதுகில் இறங்கிற்று. இவன் சொல்வது சரி என்று தோன்றியதைவிட, இவனும் நம்மைப்போலத்தான் அலுத்துப்போய் இருக்கிறான் என்பதுதான் அவளுக்கு அப்போது தோன்றியது. அவள் பக்கத்தில் போய்த் தகரத்தின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.  தகரத்தில் மழை இடைவிடாமல் அறைந்தது. கை கடுத்து, மரத்து, பிறகு கை இருப்பதே மறந்துபோய், மழை வெறிக்கும்வரை அப்படியே நின்றார்கள். பிழைத்த நெருப்பு நீலமாக, பிறந்த குழந்தையின் நகம்போல மெலிந்து இருந்தது.

அதற்குப் பிறகு மழையே இல்லை. கார்த்திகையும் மார்கழியும் வறண்டன. தை பிறக்கும்போதே மேட்டுப்புல் சலசலவென்று சத்தம் போட்டது. மாசியில் காமாட்சி படுத்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், புகை உள்ள இடத்துக்கே போகக்கூடாது என்றார். செல்லக்கிளி அவனை உள்வீட்டில் படுக்கவைத்து, வாசலில் தானே உட்கார்ந்துகொண்டாள். தொழுவத்தில் ஒச்சம்மாள் இருந்தாள். தீனி போட்டாள், படல் கட்டினாள். மேட்டுக்கு ஓட்டிப் போக மட்டும் அவளுக்குத் தெம்பில்லை. ஊரைப் பார்த்த வடக்குப் பக்கத்துத் தீக்கோட்டில் போன மழைக்கு முளைத்த புல் இடுப்பளவு வளர்ந்து, காய்ந்து, கோடு எங்கே இருந்தது என்று தெரியாமல் மூடிக்கொண்டது. அவள் அதைக் கீழேயிருந்து தினமும் பார்த்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம், மலைமுகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய நெருப்பு வந்தது.

முதலில் வந்தது சத்தம், வெள்ளம் வருகிற மாதிரி. அப்புறம் வானம் செம்பு நிறமாயிற்று. முகட்டில் அது ஏறி நின்றபோது பனைமரத்தைவிட உயரமாக இருந்தது. அதற்கு நடை கிடையாது, ஓட்டம்தான். மான்களும் முயல்களும் ஊருக்குள் வந்து நாய்களுக்குப் பக்கத்தில் நின்றன, நாய்கள் குரைக்கவில்லை. ஜெபமணி வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். சட்டை முழுக்கக் கரி.

"அந்தப் பக்கம் பூரா போச்சும்மா. காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சு. உங்க கோடு எப்படியிருக்கு?"

ஒச்சம்மாள் மேட்டை அண்ணாந்து பார்த்தாள். அவர் வடக்குப் பக்கத்தைப் பார்த்தார். கோடு இருந்த இடத்தில் புல் நின்றது.

அவள் தெருவில் இறங்கிக் கத்தினாள். அன்றைக்கு யாருக்கும் முழங்கால் வலிக்கவில்லை. பரணிலிருந்து மண்வெட்டிகள் இறங்கின. காம்பு இல்லாதவர்கள் அரிவாளும் தோசைக்கரண்டியும்கூட எடுத்து வந்தார்கள். மாடுகளை அவிழ்த்து ஓடைமணலுக்கு விரட்டிவிட்டு, பெருமாக்கா முதல் செல்லக்கிளி வரை மேட்டின் வடக்கு ஓரத்தில் வரிசையாக நின்று, மூடிப்போன கோட்டைச் செதுக்கத் தொடங்கினார்கள். மண் கல்லாக இருந்தது. புல்வேர் கையை அறுத்தது. செதுக்கி நிமிரும்போதெல்லாம் பெரிய நெருப்பு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது. ஒரு முழ அகலத்துக்கு மண் தெரிந்தபோது ஜெபமணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுல அது நிக்காது. ஒரே தாவுல தாண்டிரும். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புல்ல நாமளே எரிச்சிரணும். அது வரும்போது திங்க ஒண்ணும் இருக்கக்கூடாது." பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

ஒச்சம்மாள் அவர் கையைப் பிடித்தாள். "புது நெருப்பு வேணாம் சார். இந்தக் காத்துல அது நம்ம சொல்லு கேக்காது. பழகுனது ஒண்ணு இருக்கு."

அவள் தொழுவத்துக்கு ஓடினாள். படலைத் திறந்துவிட்டு, "வா" என்றாள். அது வரவில்லை. மூலையில் ஒடுங்கி, முகட்டிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. புங்கங்கொப்பால் மண்ணில் தட்டினாள், கெஞ்சினாள், திட்டினாள். அவள் நின்ற இடத்திலேயே அழத் தொடங்கியபோது பின்னாலிருந்து கொப்பை ஒரு கை வாங்கியது. காமாட்சி போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றான். வீட்டு வாசலில் இன்றைக்குக் காவல் இல்லை.

"எந்திரி. வேலை இருக்கு" என்றான் அதனிடம்.

அது எழுந்து வந்தது.

மேட்டை ஏறும் வழியில் அவன் நாலு இடத்தில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்தபோதெல்லாம் அதுவும் பக்கத்தில் படுத்தது. செல்லக்கிளி அவனைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவன் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிவிட்டாள். பிறகு அவன் இடுப்பில் கைகொடுத்து, கோடுவரை நடத்திக் கூட்டிவந்தாள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம், ஆளுயரப் புல்லுக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் நிறுத்தினான். எதிர்க்காற்று. அது மேய மறுத்துத் திரும்பித் திரும்பி அவன் காலடிக்கே வந்தது. இத்தனை காலமும் அதை அடக்குவதற்கே கொப்பைத் தட்டியவன் அன்று கொப்பைக் கீழே போட்டான். குனிந்து, வெறும் கையால் அதன் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினான். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"போ" என்றான். "இன்னைக்கு உனக்கு வரம்பு இல்ல."

அது போயிற்று. முதலில் கன்றுக்குட்டி நடையில், புல்லை ஒவ்வொரு கவளமாகத் தின்றுகொண்டு. பிறகு கோட்டின் நீளத்துக்கும் பக்கவாட்டில் பரவி, ஒரு மந்தையே தலைகுனிந்து மேய்வதுபோல வரிசையாக முன்னேறிற்று. கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் விழுந்த பொறிகளை ஊர் பச்சைக்கொப்பால் அடித்தது. பெருமாக்காவின் கொண்டை கருகியது. அவள் அதைத் தண்ணீர்க்குடத்தில் முக்கிவிட்டு மறுபடி அடித்தாள். பெரிய நெருப்பு கிட்ட வர வர அதன் மூச்சு இந்தப் பக்கத்துக் காற்றையெல்லாம் தன்னை நோக்கி உறிஞ்சியது. அதுவரைக்கும் காற்றை எதிர்த்து ஊர்ந்துகொண்டிருந்த சங்கத்து நெருப்பு, காற்று முதுகில் கிடைத்ததும் நிமிர்ந்து, யாரும் பார்த்திராத உயரத்துக்கு எழுந்து, ஓடத் தொடங்கியது.

இரண்டும் மேட்டின் நடுவில் சந்தித்தன. சந்தித்த இடத்தில் ஒரு பெரிய வெளிச்சம் வானம்வரை போய், பிறகு இரண்டுக்குமே தின்ன எதுவும் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அடங்கின. சத்தம் நின்றபோது காதுக்குள் வலித்தது. மேடு முழுக்கக் கரி. அந்த வருஷம் அங்கே மேயப் புல் இருக்காது; பாதி மாட்டைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியிருக்கும்; அது எல்லோருக்கும் அப்போதே தெரிந்தது. ஆனால் ஊர் தப்பி நின்றது. தொழுவம் நின்றது.

யாரும் கத்தவில்லை, கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொண்டிருந்த கைகள் கொஞ்சநேரம் தானாக அடித்துவிட்டு ஓய்ந்தன. காமாட்சி கரிந்த மேட்டில் இறங்கி, இங்கும் அங்கும் நடந்து, ஒவ்வொரு புகையாகக் குனிந்து பார்த்தான். எது அது, எது இது என்று சாம்பலில் தெரியவில்லை. திரும்பி வந்து கோட்டோரத்தில் உட்கார்ந்தான். செல்லக்கிளி அவன் வெந்த கையைத் தன் மடியில் வைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"எனக்குத் தூக்கம் வருது" என்றான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜெபமணி மேட்டைச் சுற்றி வந்து, அடிக்கட்டைகள் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருப்பதாகவும், விடிகிறவரை யாராவது காவல் இருந்தால் நல்லது என்றும் சொல்லிவிட்டு, சொன்ன இடத்திலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். ஒச்சம்மாள் எழுந்தாள். வழக்கம்போல முறை பிரிக்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது, யார் என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கூப்பிட வாய் வரவில்லை.

"எல்லாரும் போங்க. நான் இருக்கேன்" என்றாள்.

ஒருவரும் எழவில்லை. கடமை என்று நினைத்து இருந்தார்களா, எழுந்து நடக்கக் காலில் சத்தில்லாமல் இருந்தார்களா என்று சொல்ல முடியாது, அவர்களுக்கே தெரிந்திருக்காது. பெருமாக்கா பாதி எரிந்த கொண்டையை அவிழ்த்து உதறிவிட்டு, காமாட்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ தூங்கு தம்பி" என்றாள். "இன்னைக்கு என் முறை."

அவன் பெண்டாட்டியின் மடியில் தலையை வைத்து, சூடு ஆறாத மண்ணில் கால்களை மடக்கிப் படுத்தான். படுத்த மூச்சிலேயே உறங்கிப்போனான். அவனைச் சுற்றி ஊர் கரி முகங்களோடு, புகைகிற கட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்காவது ஒரு பொறி எழுந்தால், எழுந்து போக மூன்று நான்கு பேர் ஒன்றாகக் கையை ஊன்றினார்கள்.